இரண்டிலிருந்து மூன்று வரை ஒரு சிவப்பு டேக்

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பிளானிங் வேலையில் உட்கார்ந்த முதல் ஐந்து வருடம் அந்தக் கோபத்தைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். "மேடம், ஒரு நிமிஷம்" என்று யார் வந்து நின்றாலும் நாற்காலியைத் திருப்பி, சிரித்துக்கொண்டே "சொல்லுங்க" என்பேன். அந்தச் சிரிப்புதான் என்னைக் கவிழ்த்தது.

தேர்வாய் கண்டிகையில், கார்களுக்கான தகட்டுப் பாகங்களைப் பிரஸ் மிஷினில் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை எங்களுடையது. நாளைக்கு எந்த மிஷினில் எந்தப் பாகத்தின் அச்சை ஏற்றுவது, எத்தனை அடிப்பது என்று தினமும் ஒரு தாள் போடுவது என் வேலை. பார்க்க ஒரே ஒரு தாள். ஆனால் அதை நம்பித்தான் காலை ஷிப்டு அச்சைத் தூக்கக் கிரேனைத் தொடும். அச்சைத் தப்பாக ஏற்றிவிட்டால் இறக்கி மாற்றவே ஒரு மணி நேரம் போய்விடும்.

என் அறை, மிஷின்களுக்கும் கேண்டீனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. சாப்பிடப் போகிறவர்கள் போகும்போது ஒரு கேள்வி, பல் குத்திக்கொண்டு திரும்பும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

ஒருநாள் மதியம், ஜோடியாகப் போக வேண்டிய இரண்டு பாகங்களுக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தேன். இடது பிராக்கெட், வலது பிராக்கெட். இடதை எழுதி முடித்ததும் ஷிப்டு சூப்பர்வைசர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"மேடம், ஒரு நிமிஷம். நாளிக்கி கேண்டீன்ல பிரியாணியா, சாம்பார் சாதமா?"

கேண்டீனுக்கு ஆள் கணக்கு அனுப்புவதும் என் தலையில்தான் கட்டப்பட்டிருந்தது. "பிரியாணி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். திரும்பியவள் இரண்டாவது மிஷினுக்கும் இடது என்றே எழுதினேன்.

மறுநாள் பொன்னேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் இறங்கும்போது இடது பிராக்கெட் மலையாகக் குவிந்து கிடந்தது. வலது ஒன்றுகூட இல்லை. வலது இல்லாததால், எங்களிடம் வாங்கும் கார் கம்பெனியில் கார் பூட்ட முடியாமல் நின்றார்கள். அன்றைக்குப் பிரியாணி சாப்பிட்ட எல்லோரும் என் கூண்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள்.

பிளான்ட் ஹெட் கூப்பிட்டு அனுப்பினார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னார். "ஒரு மாசம் பாக்குறேன்மா. இன்னொரு தப்பு வந்துச்சுன்னா பிளானிங்கையே சென்னை ஆபீசுக்கு மாத்திடுவேன். நீ ஸ்டோர்ஸ பாத்துக்கோ."

ஸ்டோர்ஸ் ஒன்றும் கேவலமான இடமில்லை. ஆனால் நான் அதே பிரஸ் முன்னால் மூன்று வருடம் நின்று பாகம் அடித்தவள். சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், கேட்டுக் கேட்டு வாங்கிய நாற்காலி இது. ஒரு பிரியாணிக் கேள்விக்காக இதை விடமாட்டேன் என்று பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டே முடிவு செய்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு மணி நேரம். யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். அதற்காகக் காதில் ஹெட்செட் மாட்டிப் பார்த்தேன், தோளைத் தட்டினார்கள். டிரெயினிங் ரூமில் போய் ஒளிந்தேன். பத்தே நிமிடத்தில் வாட்ஸாப் குரூப்பில் "மேடம் டிரெயினிங் ரூம்ல இருக்காங்க" என்று வந்தது. 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். சூப்பர்வைசர் அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு உள்ளே வந்து, "இது யாருக்கு மேடம்?" என்றார்.

அந்த வாரம் ஒரு பிரஸ் ரிப்பேரில் நின்றது. ஃபிட்டர் மிஷினுக்குள் பாதி உடம்பை நுழைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சுவிட்சில் அவருடைய பூட்டு, அதில் அவர் போட்டோ ஒட்டிய சிவப்பு டேக். சுற்றிலும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஒருத்தராவது "ஒரு நிமிஷம்" என்று சொல்ல வேண்டுமே! டேக் தொங்கினால் உள்ளே ஒருவர் கை இருக்கிறது என்று அர்த்தம். மாட்டியவரைத் தவிர வேறு யாரும் அதை எடுக்கக்கூடாது. மாதாமாதம் பாதுகாப்பு வகுப்பில் பிளான்ட் ஹெட்டே சொல்வார்: "நானே வந்து எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீங்க." பிரஸ் முன்னால் நின்ற காலத்தில் நானும் பயந்து பயந்து கேட்ட வாக்கியம்தான் அது.

நேராக சேஃப்டி ஆபீசரிடம் போய் எனக்கும் ஒரு டேக் கேட்டேன்.

"இன்னாமா, உன் மண்டைக்குப் பூட்டு போடப் போறியா?"

"ஆமா சார். டெய்லி ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும். நான் தாள் போடும்போது உள்ள என் கை இருக்குது சார்."

சிரித்தவர் நிறுத்தினார். மிஷின் டேக்கைத் தரமாட்டேன் என்றார். அதை வேறு எதற்காவது தொங்கவிட்டால் அப்புறம் மிஷினிலும் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். நியாயம்தான். ஒரு சிவப்பு அட்டையின் குறுக்கே நீலப் பட்டை ஒட்டி, என் போட்டோவையும் ஒட்டித் தனியாக ஒன்று செய்து கொடுத்தார். கூடவே ஒரு கண்டிஷன்.

"இத மாட்டிகினு நீயே எழுந்து போய் அரட்டை அடிச்சேன்னு வச்சிக்கோ, அன்னிக்கே புடுங்கிடுவேன். நீ மதிச்சாதான் மத்தவன் மதிப்பான். சைரன் அடிச்சா மட்டும் எழுந்து வா."

முதல் நாள் இரண்டு மணிக்கு டேக்கைக் கதவின் கைப்பிடியில் மாட்டினேன். பக்கத்தில் நூல் கட்டி ஒரு நோட்டு: 'கேள்வியை எழுதுங்கள், மூன்று மணிக்கு வருகிறேன்.' செல்போனை டிராயரில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் சூப்பர்வைசர் வேகமாக வந்து கைப்பிடியில் கை வைத்தார். டேக்கைப் பார்த்ததும் அந்தக் கை தானாகப் பின்னால் போனது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

மூன்று மணிக்கு நோட்டைத் திறந்தேன். பதினொரு கேள்விகள். அதில் ஏழு கேள்விகளை அவர்களே அடித்துவிட்டு "கெடச்சிடுச்சி மேடம்" என்று எழுதியிருந்தார்கள். இந்த ஏழுக்குத்தான் ஐந்து வருடமாகச் சோற்றை ஆறவிட்டுப் பதில் சொன்னேனா என்று வயிறு எரிந்தது.

"மேடம் பெரிய ஆளாயிட்டாங்க" என்று கேண்டீனில் பேச்சு. பேசட்டும் என்று விட்டேன். நெல் அறுக்க வந்த மிஷினுக்குப் பணம் அனுப்பச் சொல்ல வயலிலிருந்து போனில் கூப்பிட்டுப் பார்த்த அம்மா சாயங்காலம் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி, போன எடுக்கவே மாட்டன்ற? ஒரே பேஜாரா கீது உன்னோட." மூன்று மணிக்கு மேல் கூப்பிடச் சொன்னேன். "அறுப்பு மிஷினு உனக்காவ மூணு மணிக்கு வருமா?" என்றாள். அடுத்த வாரமே அவள் சித்தியிடம், "ரெண்டு மணிக்கு அதுக்குப் போன் போடாத, எடுக்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. இரண்டு பத்துக்குத் தலை நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிளான்ட் ஹெட். கையில் ஒரு தாள். ஏதோ தப்பு வந்துவிட்டது, அது ஸ்டோர்ஸ் ஆர்டர்தான் என்றே நினைத்தேன். எழுந்து போய்க் கதவைத் திற என்று கால் இரண்டும் துடித்தன. இந்தக் கம்பெனியில் அவர் நிற்க யாரும் உட்கார்ந்ததில்லை. ஆனால் நான் எழுந்தால் அத்தோடு டேக் செத்தது. நாளைக்கு எல்லோரும் கதவைத் திறப்பார்கள்.

குனிந்துகொண்டேன். இடது, வலது. இடது, வலது. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன். மறுபடி நிமிர்ந்தபோது அவர் இல்லை.

மூன்று மணிக்கு டேக்கைக் கழற்றி நோட்டைப் பிரித்தேன். கிரேன் கேள்விக்கும் லீவு கேள்விக்கும் கீழே அவர் கையெழுத்து: "பார்க்க வேண்டும். மூன்று மணிக்கு வருகிறேன்." படித்து முடிப்பதற்குள் அவரே வந்து நின்றார். தாளை நீட்டினார். முப்பது நாள் பிளான், தப்பு என்று சுழித்த ஒரு சிவப்பு வட்டம்கூட இல்லை.

"பிளானிங் இங்கயே இருக்கட்டும்மா" என்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். "அப்ப நான் வந்து நின்னத நீ பாக்கலையா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டு எழுந்துக்கல?"

"உள்ள கை இருந்துச்சு சார்."