மெற்றில்டா கேட்ட மூன்று நாள்

மெற்றில்டாவின் கைகள் கட்டா மீனைப் பிளந்துகொண்டிருந்தன. முதுகுப் பக்கமாகக் கத்தியை இறக்கி, குடலை வாளிக்குள் தள்ளி, உப்பை அள்ளி உள்ளே அழுத்திவிட்டு அடுத்த மீனை எடுப்பாள். கண் மீனில் இருந்தாலும் காது அறைப் பக்கம்தான் இருக்கும். அங்கே அவளுடைய புருசன் அம்புறோஸ் பாரிசவாதத்தில் படுத்து நாலு வருசமாகிறது. தலையை நிமிர்த்தாமல் அவள் என்னைக் கேட்டாள்.

“மிஸ்ஸி, மூண்டு நாள் நான் இல்லாட்டி அந்த மனுசன் செத்துப்போகுமோ?”

“மூண்டு நாளில சாகிற ஆளெண்டா நாலு வருசம் கிடந்திருக்காது. ஏன், எங்க போகப்போறாய்?”

“நெடுந்தீவுக்கு.”

“அங்க ஆற்ற செத்தவீடு?”

“ஒருத்தரும் சாகேல்ல. சும்மா.”

பேசாலையில் பெண்கள் சும்மா ஓரிடத்துக்கும் போவதில்லை. செத்தவீட்டுக்குப் போவார்கள், கலியாணத்துக்குப் போவார்கள், மடு மாதா கோயிலுக்குப் போவார்கள், கிளினிக்குக்குப் போவார்கள். ஆகவே நான் கையிலிருந்த பவுடர் டப்பாவை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்து, பிறகு நோயாளர் பராமரிப்புப் பயிற்சியும் எடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பின்னும் ஊர் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறது. அம்புறோஸைக் குளிப்பாட்டவும் முதுகில் புண் வராமல் பார்க்கவும் அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன்.

மெற்றில்டா வங்காலையில் பிறந்தவள். கலியாணம் முடித்துப் பேசாலைக்கு வந்த கையோடு நாட்டில் சண்டை பெருத்தது. ஒரு இரவில் படகேறி இராமேஸ்வரத்துக்குப் போனாள். மண்டபம் முகாமில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். திரும்பி வந்ததும் இரவில், படகில். இந்த ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவள் கடலில் போனது அந்த இரண்டு தரம்தான். போகும்போது தன் வாயையும் வரும்போது பிள்ளையின் வாயையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாளாம். தண்ணீர் என்ன நிறம் என்று கூடத் தெரியாதாம். புருசன் மீன்பிடிகாரன், வீடு கடற்கரையில், கை முழுக்க மீன். ஆனால் எங்கள் ஊரில் பெண்களைப் படகில் ஏற்றமாட்டார்கள்.

“பகலில ஒருக்கா போட்டில போகோணும். போய் இறங்கி மூண்டு நாள் ஒருத்தரையும் தூக்காம, ஒண்டையும் கழுவாம இருக்கோணும். அவ்வளவுதான், மிஸ்ஸி.”

மகள் சுபாஜினி வவுனியாவில் படிப்பிக்கிறாள். அவளோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருத்தியின் பெரியம்மா நெடுந்தீவில் தன் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுகிறாராம். காற்றாடி உண்டு, கிணறு உண்டு, வீட்டில் சமைக்கும் சோற்றையே தருவார். யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், குறிகட்டுவானுக்கு ஒரு பஸ், பிறகு படகு. கருவாட்டு வருமானத்துக்குள் அடங்கும். கட்டாரில் இருக்கும் மகனுக்கு இது பிடிக்கவில்லை. கல்பிட்டிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் படங்களை அனுப்பி, நான் புக் பண்ணிவிடுகிறேன் அம்மா என்றானாம். அவள் படத்தை எனக்கும் காட்டினாள். கட்டிலில் துவாயை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள்.

“இத விரிச்சுத் துடைச்சா ஆர் திருப்பி மடிக்கிறது? எனக்கு இந்த வேலையும் வேண்டாம்,” என்றாள்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. கஞ்சி கொடுப்பது, துடைப்பது, மருந்து, புரட்டுவது எல்லாம் எனக்கு ஏலும். காலையில் கட்டிலிலிருந்து சில்லுக் கதிரைக்கும் பின்னேரம் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் அவரை மாற்ற மட்டும் இரண்டு பேர் வேண்டும். அம்புறோஸ் மெலிந்த ஆள் அல்ல, எனக்கு எழுபத்தொன்று. அவருக்குக் கீழே விரித்த பெற்சீற்றின் மறுபக்கத்தைப் பிடிக்க இன்னொருவர் இருந்தால் போதும்.

இன்னொருவர் என்றால் சொந்தக்காரர்தான். வெளியாள் ஒருவரிடம் போய் என் புருசனைத் தூக்க வா என்று கேட்பது எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. மூன்று வீடு தள்ளி அம்புறோஸின் தங்கை நிறஞ்சலா இருக்கிறாள். நல்ல உடம்புக்காரி, அரிசி மூட்டையைத் தனியே இறக்குவாள். நானும் மெற்றில்டாவும் போய்க் கேட்டோம்.

“ஐயோ, அண்ணாவ அந்தக் கோலத்தில தொட என்ர நெஞ்சு தாங்காது,” என்றாள் நிறஞ்சலா.

“நெஞ்சால தூக்கச் சொல்லேல்ல, பிள்ளை. கையால,” என்றேன்.

அவள் என்னை விட்டுவிட்டு மெற்றில்டாவைப் பிடித்துக்கொண்டாள். “மன்னார்த் தீவில இருக்கிற நீங்கள் தீவு பாக்கப் போறியளோ, மச்சாள்? அங்க என்ன கிடக்கு?”

“பெருக்கமரம் கிடக்காம். குதிரை நிக்குமாம்.”

“பெருக்கமரம் பள்ளிமுனையில நிக்குது. குதிரைக்குப் பதிலா மன்னார் பஸ் ஸ்ராண்டில கழுதை நிக்குது, போய்ப் பாருங்கோவன்.” சிரித்துவிட்டு முகத்தை மாற்றினாள். “அதுவும் தவக்காலத்தில. புருசன் கட்டிலில கிடக்கேக்க ரூர் போறதெண்டா ஊர் என்ன கதைக்கும்? நேர்த்திக்கடனெண்டாலும் பறவாயில்லை. நேர்த்தியோ, மச்சாள்?”

மெற்றில்டா அன்று விடிய எழும்பியவள். பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருந்தாள். “ஓம், அப்பிடியெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ,” என்றாள்.

அவள் செய்த பிழை அதுதான். சும்மா போகிற பயணத்துக்கு ஒருவரும் துணைக்கு வரமாட்டார்கள். நேர்த்திக்குப் போகிற பயணத்துக்கு எல்லாரும் வருவார்கள். அண்ணனின் சுகத்துக்கு மச்சாள் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள் என்ற செய்தியைப் பூசைக்குப் போன இடத்தில் நிறஞ்சலா சொல்லிவிட்டாள். அந்தக் கிழமைக்குள்ளேயே வேன் பிடித்தாயிற்று. பேசாலைப் பிள்ளைகளை மன்னார்ப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றும் இன்ஸாபின் வேன். சீற் நிறைந்து, சின்னப்பிள்ளைகள் மடியில் என்று கணக்குப் போட்டார்கள். நெடுந்தீவுப் பெரியம்மாவுக்கு நிறஞ்சலாவே போன் எடுத்து எத்தனை பாய் இருக்கிறது என்று கேட்டாளாம். தன்னிடம் ஒரு அறைதான் இருக்கிறது என்று அந்த மனுசி பயந்து சொல்ல, அப்படியென்றால் கோயில் மடத்தில் படுக்கலாம் என்று முடிவானது.

மெற்றில்டா மீனுக்குப் போட்ட உப்பு அளவு தப்பியது. ஒரு வாளி மீன் கரித்துப்போய் எறிய வேண்டியிருந்தது.

“சொல்லிவிடு, பிள்ளை. நேர்த்தி இல்லையெண்டு சொல்லு,” என்றேன்.

“எப்பிடிச் சொல்லுறது, மிஸ்ஸி? அந்தச் சனம் மச்சம் சாப்பிடாம இருக்குதுகள் என்ர மனுசனுக்காக.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்புறோஸுக்காக மீன் சாப்பிடுவதை நிறுத்த அத்தனை பேர் இருந்தார்கள். பெற்சீற்றின் ஒரு ஓரத்தைப் பிடிக்க ஒருவர் இல்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய கதை வந்தது. ஆருக்காக நேர்த்தி வைத்ததோ அவர் வராமல் நேர்த்தி தீராது என்று ஊர்க் கிழவி ஒருத்தி சொன்னாளாம். நிறஞ்சலா அதைக் கொண்டு ஓடி வந்தாள். அண்ணாவை வேனின் பின் சீற்றில் படுக்க வைக்கலாம், மிஸ்ஸியும் கூட வந்தால் வசதி.

“குறிகட்டுவானில இறங்குதுறையிலிருந்து போட்டுக்குள்ள எப்பிடி இறக்கப்போறாய்?” என்று கேட்டேன்.

“அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார், மிஸ்ஸி.”

“நல்லது. அந்தோனியார் எந்தப் பக்கம் பிடிப்பார், தலைப்பக்கமோ கால்பக்கமோ? தெரிஞ்சா மற்றப் பக்கத்துக்கு நான் ஆள் தேடலாம்.”

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அரிசி, தேங்காய், பெரிய சட்டி, அகப்பை என்று எல்லாம் மெற்றில்டாவின் முற்றத்தில் வந்து இறங்கின. நிறஞ்சலாவோடு இன்னும் நாலைந்து பெண்கள். மெற்றில்டா குந்தியிருந்து மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அறை வாசலில் நின்றேன்.

“மச்சாள், மூண்டு நாளும் கறிப் பொறுப்பு உங்களுக்கு. உங்கட கைக்கறி எண்டாத்தான் எல்லாரும் சாப்பிடுவினம்,” என்றாள் நிறஞ்சலா, பெரிய மரியாதை செய்கிறவள் போல.

மெற்றில்டா எழுந்தாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். நகத்துக்குள் இருந்ததையும் விடாமல் கழுவினாள். பிறகு சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“நேர்த்தி இல்லை, மச்சாள். நான் ஒருத்தருக்கும் நேர்த்தி வைக்கேல்ல. எனக்குக் களைப்பு. மூண்டு நாள் சும்மா இருக்கப் போறனெண்டு கேட்டனான்.”

தேங்காய் ஒன்று சாக்கிலிருந்து உருண்டு வேலியடியில் நின்றது.

“கடவுளுக்குப் பொய் சொன்னனீங்களோ?” என்றாள் நிறஞ்சலா.

“கடவுள் கேக்கேல்ல, மச்சாள். நீங்கள் கேட்டியள். உங்களுக்குத்தான் சொன்னனான்.”

கொண்டுவந்த சாமான்களை அவர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். நிறஞ்சலா போகிறபோது வேலியடித் தேங்காயைக் குனிந்து எடுத்தாள். அரிசி மூட்டையையும் தலையில் தனியே ஏற்றினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே கட்டில் சட்டத்தில் தட்டும் சத்தம் கேட்டது. அம்புறோஸ் கூப்பிடுவது அப்படித்தான், இடக்கையால். பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லாய் இழுத்துத்தான் வரும். இருவரும் போனோம்.

“நான்… வரேல்ல,” என்றார்.

“உங்கள ஆர் கூப்பிட்டது?” என்றாள் மெற்றில்டா.

“நீ… போ.”

“போனா உங்கள ஆர் தூக்கிறது? நான் தூக்கிறனோ அங்கயிருந்து?”

நான் தனியே தூக்குகிறேன் என்று சொல்லலாம். சொல்லி, ஆளை விழுத்தினால் இரண்டு நோயாளிகள். மூன்று நாளும் கட்டிலிலேயே கிடக்கட்டும் என்றும் சொல்லலாம். முதுகில் போன வருசம் ஆறிய புண் திரும்ப உடையும். மெற்றில்டா கட்டிவைத்திருந்த பையை அவிழ்த்து, இரண்டு சேலையையும் துவாயையும் அலுமாரிக்குள் திருப்பி வைத்தாள். கதவு சரியாகப் பூட்டவில்லை. இரண்டு தரம் அடித்துப் பூட்டினாள்.

மறுநாள் விடிய நான் வழமை போல வந்தேன். அவள் மீனைக் கழுவி முற்றத்துப் பரணில் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருக்கும்போது ஒழுங்கையில் ஹோர்ன் அடித்தது.

இன்ஸாபின் வேன். நேர்த்தி இல்லையென்று ஊர் முழுக்கச் சொன்ன நிறஞ்சலா, வேன்காரனுக்குச் சொல்ல மறந்துபோனாள்.

“ஆக்கள் எங்க, அக்கா? அஞ்சு மணிக்கெண்டு சொன்னாங்களே. சஹர்ச் சாப்பாடு முடிச்ச கையோட ஓடி வாறன்,” என்றார் இன்ஸாப் வாசலில் நின்று.

“ஆக்களும் இல்லை, பயணமும் இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லயோ தம்பி?” என்றாள் மெற்றில்டா.

“நல்ல கதை. ஸ்கூல் பிள்ளையள ஏத்த மச்சானுக்கு வேற வேன் பிடிச்சுக் குடுத்திட்டு வந்திருக்கிறன்.” தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

அவருடைய கைகளைப் பார்த்தேன். வேன் ஓட முதல் மீன் பெட்டி ஏற்றியவர். ஒவ்வொரு நாளும் காலையில் இந்த ஒழுங்கையால்தான் வருகிறார், பின்னேரம் பிள்ளைகளை இறக்க இந்த ஒழுங்கையால்தான் போகிறார். இத்தனை நாளும் எங்கள் கண் முன்னால்தான் போய்வந்திருக்கிறார்.

“வந்தனீங்கள் சும்மா போகாதீங்கோ. கையைக் கழுவிப்போட்டு உள்ள வாங்கோ,” என்றேன்.

“தேத்தண்ணி வேண்டாம், மிஸ்ஸி. நோன்பு.”

“தேத்தண்ணி தரக் கூப்பிடேல்ல.”

அம்புறோஸுக்குக் கீழே மடித்த பெற்சீற்றை விரித்து, கால்பக்கத்து ஓரத்தை இன்ஸாபின் கையில் கொடுத்தேன். தலைப்பக்கம் நான். மூன்று எண்ணினேன். அம்புறோஸ் கதிரையில் இருந்தார்.

“இவ்வளவுதானோ?” என்றார் இன்ஸாப்.

“இவ்வளவுதான். பின்னேரம் திருப்பிக் கட்டிலுக்கு. நாளைக்கும் நாளையிண்டைக்கும் இதே மாதிரி.”

“நோன்பாளியப் பிடிச்சு வேலை வாங்கிறியளே, மிஸ்ஸி.” பிறகு அம்புறோஸைப் பார்த்து, “பிள்ளையள ஏத்த முன்னம் வாறன், அண்ணன். இறக்கின பிறகும் வாறன். பிள்ளையளவிட நீங்க சத்தமில்லை,” என்றார்.

வாசலில் மெற்றில்டா மீன் கையோடு நின்றாள்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அலுமாரியத் திற. யாழ்ப்பாண பஸ் வெளிக்கிடப்போகுது,” என்றேன்.

கை கழுவவும் சேலை மாற்றவும் அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. வேனில் ஏறி, நடுச் சீற்றில் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்தாள். மன்னார் பஸ் ஸ்ராண்டில் விடுவதாக இன்ஸாப் சொன்னார். நிறஞ்சலா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். வேன் தன்னைக் கடந்தபோது விளக்குமாற்றை நிறுத்தினாளே தவிர, கையை அசைக்கவில்லை. மெற்றில்டாவும் அசைக்கவில்லை.

நான் மிச்ச மீனைப் பரணில் பரப்பி, மேலே வலையைப் போட்டுவிட்டு, கஞ்சியை ஆற்றிக்கொண்டு உள்ளே போனேன். அம்புறோஸ் ஒரு கரண்டி வாங்கி முகத்தைச் சுளித்தார்.

“உப்பு… இல்லை.”

“டொக்டர் சொன்ன அளவு போட்டிருக்கு. வாயைத் திறவுங்கோ,” என்றேன்.