மாடிக்கு வந்த சி.ஐ.டி.

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் சி.ஐ.டி. சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வரும் நர்ஸ்தான். வந்தவள் பிரஷர் பார்த்துவிட்டுப் போவாளா? மாட்டாள். குளியலறைத் தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்ப்பாள். கட்டிலில் உட்கார்ந்து எழுந்து பார்ப்பாள். கேட்காமலே சமையலறைக்குள் புகுந்து உப்பு டப்பாவைத் திறப்பாள். முதல் நாள் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏம்மா, நீ நர்ஸா, எனக்கு மாமியாரா?" என்று கேட்டேவிட்டேன்.

"மாமியார்னா குறை சொல்லிட்டுப் போயிடுவாங்கக்கா. நான் திரும்பத் திரும்ப வருவேன்" என்று சிரித்தாள்.

பல வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்தவள். நிழலில் நிற்கிற வேலையை விட்டுவிட்டு ஏன் இப்படி வெயிலில் அலைகிறாய் என்று கேட்டால், "கையாட்டிட்டு நடந்து போனவங்களே அடுத்த மாசம் ஸ்ட்ரெச்சர்ல வந்தாங்கக்கா. வீட்ல என்னதான் நடக்குதுன்னு பாக்கணும்னு தோணிச்சு" என்பாள். அவள் புருஷனைக் கேளுங்கள், "ஊர்ல எல்லார் வீட்லயும் என்ன நடக்குதுன்னு தெரியும், எங்க வீட்ல மட்டும் தெரியாது" என்பார். பாவம், அவரும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

என் வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். கடை கீழே, நாங்கள் மாடியில். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் துவண்டுபோயின. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்து நடக்க வைத்தார்கள். படி ஏறவும் இறங்கவும் பழக்கினார்கள். வீடு திரும்பிய அன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே மாடி ஏறினார். தெருவே கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏறியவர் ஏறியவர்தான். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கிளம்புகிற நாளில் மேல் படியில் வந்து நிற்பார். கீழே எட்டிப் பார்ப்பார். அப்படியே திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், "நான் என்ன மூட்டையா?" என்று எரிந்து விழுவார். பயிற்சி விட்டுப்போனால் அந்தக் கை கடைசிவரை அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீழே என் கொழுந்தன் கத்தரிக்கோல் போடும் சத்தம் கேட்கும். "யாரு உக்காந்திருக்கா? மீசைய ஒழுங்கா ஒதுக்கச் சொல்லு" என்று மேலேயிருந்து குரல் கொடுப்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "அவர் வரவே இல்லம்மா, பேரை எடுத்தாச்சு" என்றார்கள். தெருமுனை டாக்டரோ, "அதை ஆஸ்பத்திரிதானே பாக்குது?" என்றார். நல்லா இருக்கே கதை! ஆள் ஒருத்தர், அவரைப் பந்தாட இரண்டு இடம்.

அந்த வாரம்தான் சி.ஐ.டி. வந்தாள். ஏன் போகவில்லை என்று அவரைக் கேட்கவே இல்லை.

"எந்திரிங்கண்ணே, படி வரைக்கும் போய் நிப்போம்" என்று கூட்டிப்போனாள். ஒருமுறை இறங்கி ஏறினாள்.

"கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம்தான் இருக்கு. ஏறும்போது வலது கைக்கு வருது. இறங்கும்போது?"

அவர் தன் இடது கையைப் பார்த்தார். அடக் கடவுளே, இவ்வளவு நாளும் இதுதானா என்றிருந்தது எனக்கு.

மறுநாளே ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறவரைக் கையோடு இழுத்து வந்துவிட்டாள். நெட்டையான மனிதர், எங்கள் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். "எங்க ஆஸ்பத்திரிப் படியில ரெண்டு பக்கமும் கம்பிம்மா. வீட்டுப் படிய இப்பதான் பாக்கறேன்" என்று தலையைத் தேய்த்தார். அப்புறம் யோசித்துச் சொன்னார்: "திரும்பி நின்னு, பின்பக்கமா இறங்குங்க. நல்ல கை கம்பியிலயே இருக்கும்."

"கடைசிப் படி உடைஞ்சிருக்கு, அங்க நான் நிக்கறேன்" என்று சி.ஐ.டி. கீழே ஓடினாள். நெட்டையர் என் வீட்டுக்காரருக்குப் பின்னால், ஒரு படி கீழே நின்றுகொண்டார். நான் மேலே.

அவர் என் பக்கம் திரும்பி, வலது கையால் கம்பியைப் பிடித்தார்.

"உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எறங்கணுமா?"

"வேற வழியில்ல, பாத்துத் தொலைங்க" என்றேன்.

ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளர் எழுந்து வந்து வாசலில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் பேரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கடைசிப் படியைக் கொழுந்தன் சரி செய்துவிட்டான். இப்போதெல்லாம் யாரையாவது வீட்டுக்கு அனுப்பும் முன் நெட்டையர் சி.ஐ.டி.க்குப் போன் போட்டு, "வீட்டுப் படி எப்படி?" என்று கேட்கிறாராம். இவர் இடது கையில் சீப்பைப் பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலைக்கு இறங்கும்போது முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது தினமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்.