ஞாயிற்றுக்கிழமை ஹாரன்

மண்ணூரில் எங்கள் கேரம் கிளப்பின் போட்டிகளை நடத்துவதும் நான்தான், அவற்றில் ஆடித் தோற்பதும் நான்தான். சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பதெல்லாம் எங்களிடம் செல்லாது. யாருக்கு எந்த ஷிப்ட் என்று பார்த்துத்தான் ஆட்டம் வைக்க வேண்டும். அப்படியும் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் ஸ்ட்ரைக்கரைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அதனால், பாதியில் எழுந்தவருக்குத் தோல்வி என்று ஒரு விதி போட்டேன்.

இந்த முறை ஃபைனலை விவரமாக ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். அதிசயமாக நானும் ஃபைனலுக்கு வந்திருந்தேன். எதிரே பிள்ளைப்பாக்கத்துக்காரர், வெல்டிங் லைனில் வேலை பார்ப்பவர். அவருக்கு ஒரே ஒரு காய்தான் பாக்கி, எனக்கு ஐந்து. அவர் குறிபார்த்த நேரத்தில் வெளியே அவர்கள் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் அடித்தது. மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வேடிக்கை பார்த்த லைன்காரர்களும் பின்னாலேயே ஓடி ஏறினார்கள். இன்று லீவு என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

விதிப்படி கப் எனக்கு. நானே அறிவித்து நானே கைதட்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. அந்த பஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடுகிறதாம். உள்ளே பட்டுப்புடவைகளைப் பார்த்த பிறகுதான் புரிந்ததாம்.

"ஆட்டோ புடிச்சி வந்துடுப்பா, ஆட்டத்த முடிச்சிடலாம்" என்றேன், பெருந்தன்மையாக.

"கப்ப நீயே வெச்சிக்கோண்ணா. பந்தியில உக்காந்துட்டோம், பாயசம் வந்துகினு கீது."