ராஜாவைக் கொல்லலாமா, வேண்டாமா

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். சிறுமலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. காற்று நின்றுபோயிருந்தது. மழை வருவதுபோல் பயம் காட்டிவிட்டு வராமல் போன நாள். மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கைபேசியைத் திறந்தேன். என் மனைவி தன் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: "அரசரைக் கொன்றுவிடலாமா, வேண்டாமா? 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி அத்தியாயத்துக்குள் உங்கள் வாக்கைச் சொல்லுங்கள்."

அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கொல்லலாம் என்று சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்றவர்கள் முப்பது. என்னையும் சேர்த்து முப்பத்தொன்று. இரண்டாம் முறை அழுத்திப் பார்த்தேன், ஏற்கவில்லை.

விவரம் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் மலைக்கோட்டை தெரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. மாடியில் நான், கீழே அவள், நடுவில் பதினேழு படிகள். ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. மூன்று வேளையும் டிபன் கேரியர் எட்டாவது படிக்கு வந்து நிற்கும். அவள் ஏறுவது எட்டுப் படி, நான் இறங்குவது ஒன்பது. ஒரு படி அதிகம் நடப்பவன் நான் என்பதை யாரும் கவனித்ததில்லை. கேஸ் தீர்ந்தால் அவள் பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்வாள். மகள் எனக்குச் செய்வாள். பத்தடி உயரத்தில் இருப்பவனுக்குச் செய்தி, போக நானூறு, வர நானூறு கிலோமீட்டர் சுற்றி வந்து சேரும்.

காரணம் பூ. 2015 ஆகஸ்டில் எனக்கு அறுபதாம் கல்யாணம். அவளுடைய சித்தி மகள் நிலக்கோட்டையில் பூக் கட்டி விற்பவள். அவளிடம் நாற்பது முழம் மல்லிகைக்குச் சொல்லியிருந்தோம். நானோ முப்பத்திரண்டு வருடம் வயல் வயலாகப் போய் விளைச்சல் கணக்கெடுத்த அரசு ஊழியன். குஜிலியம்பாறை மானாவாரிக் காட்டில் சதுர மீட்டருக்கு எத்தனை சோளக்கதிர் என்று எண்ணிச் சம்பளம் வாங்கியவன். பூப்பந்து கண்ணுக்குச் சிறியதாகப் பட்டது. மணவறைக்குப் பக்கத்தில் நின்று, வந்திருந்த நூற்றிருபது பேரும் பார்க்க, என் கையால் அளந்தேன். முப்பத்தேழரை. "ரெண்டரை முழம் குறையுதே" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். நாதஸ்வரக்காரர் அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்கினார்.

சித்தி மகள் காசும் வாங்கவில்லை, இலையிலும் உட்காரவில்லை, போய்விட்டாள். என் மனைவி தாலியை வாங்கிக்கொண்டாள், எல்லோருக்கும் பாயசம் பரிமாறினாள், மறுநாள் காலையிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்தினாள்.

போன வருடம் மகள் ஒருநாள் போனில் சொன்னாள்: "அப்பா, அம்மா ஒரு செயலியில சரித்திரத் தொடர் எழுதுறாங்க. ஒன்பதாயிரம் பேர் படிக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. கீழே முணுமுணுப்பு கேட்கும். உறவுக்காரர்களோடு என்னைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவள் அடுப்படியில் நின்று கைபேசியிடம் கதை சொல்கிறாள், அது எழுதிக்கொள்கிறது.

படித்தேன். குறை காண்பதற்காகத்தான் படித்தேன். அந்த நாட்டில் குதிரைகள் அத்தனையும் வெள்ளை. இருபது அத்தியாயங்களில் அரசி அறுபத்துநான்கு பெருமூச்சு விடுகிறாள், ஏழு முறை மயங்கி விழுகிறாள். ஒருவரும் ஒரு வாய் சோறு உண்டதாகத் தெரியவில்லை; பெருமூச்சிலேயே உயிர் வாழ்கிறார்கள். ராஜாவுக்கு நான்கு வரி நீளத்துக்கு ஒரு பெயர். வாசகர்கள் அவரைக் கணக்கு ராஜா என்பார்கள். அவர் மேல்மாடத்தில் இருக்கிறார், அரசி கீழரண்மனையில். காலையில் யானைகளுக்குப் போடும் கவளங்களை எண்ணுவார்; மாலையில் அந்தப்புரத்தில் எரியும் திரிகளை எண்ணுவார். நல்ல நிர்வாகி என்றுதான் நானும் நினைத்தேன். பதினோராம் அத்தியாயத்தில் அரசி யாழ் மீட்டிப் பாடுகிறாள். பாட்டு முடிந்ததும் ராஜா கூரையைப் பார்த்தபடி, "உத்திரங்கள் பதினொன்று" என்கிறார்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். கல்யாணமான புதிதில் அவள் எனக்காக ஒரு பாட்டுப் பாடினாள். முடிந்ததும் நான் சொன்னதும் பதினொன்றுதான்.

அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. 'ஒரு வாசகர்' என்ற பெயரில் கருத்து எழுதத் தொடங்கினேன். "நாற்பது நாள் கதையில் ஒன்பது பௌர்ணமி வந்திருக்கிறது, கவனிக்கவும்" என்று முதலில் எழுதினேன். அரை மணியில் பதில் வந்தது: "நன்றி ஐயா. அரசி மகிழ்ச்சியாக இருந்த நாள்களைத்தான் பௌர்ணமி என்று எழுதினேன். ஒன்பது அதிகம் என்றால் குறைத்துவிடலாம்."

ஒன்பது வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை 'நன்றி'. அதுவும் 'ஐயா'வோடு. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் மேலும் எழுதினேன்.

கதையில் ஒரு தளபதி உண்டு. சுருள் முடி. அரசிக்கு மாதம் ஒருமுறை கூடையில் கொய்யாப்பழம் கொண்டுவருவான். அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் தன் மகளைக் கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மாதம் ஒருமுறை கொய்யாப்பழத்தோடு எங்கள் வீட்டுக் கீழ்வாசலில் நிற்பார். அவருக்கு முடியே கிடையாது; ஆனாலும் எனக்கு உறுத்தியது. "கொய்யா வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பழம். அந்த நூற்றாண்டில் இங்கே கிடையாது" என்று எழுதினேன். "அப்படியா ஐயா? பழத்தை மாற்றிவிடுகிறேன். தளபதியை மாற்ற இயலாது" என்று பதில் வந்தது.

இந்த நிலையில்தான் அந்த வியாழக்கிழமைக் கேள்வி. கருத்துப் பகுதியில் பெண்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். 'அந்தக் கஞ்சனைக் கொன்னுட்டு தளபதியோட அனுப்பிருங்க அக்கா' என்று ஒருத்தி. 'யானையை விட்டு மிதிக்க விடுங்க' என்று இன்னொருத்தி. அதற்கு இருநூற்றறுபது இதயக்குறிகள். ராஜா செத்தால் எனக்கென்ன என்று இருந்துவிட முடியவில்லை. அவள் ராஜாவைக் கொன்றுவிட்டால் மனதுக்குள் என் கணக்கை முடித்துவிட்டாள் என்று அர்த்தம். பிறகு சாகும்வரை டிபன் கேரியரோடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

அன்று இரவே எழுதினேன்: "அரசரைக் காப்பாற்ற வழி உண்டா?" உடனே பதில்: "அவர் என்ன செய்தால் பிழைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா."

கதையில் எதிரிப்படை கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. இரண்டு மணி நேரம் யோசித்து, வடக்கு வாசலில் நானூறு வேல்வீரர்களை நிறுத்த வேண்டும், அகழியை ஆறு முழம் ஆழப்படுத்த வேண்டும் என்று ஒன்பது வரி எழுதி அனுப்பினேன்.

"நான் கோட்டையைக் கேட்கவில்லை ஐயா" என்று வந்தது.

22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அடுத்த அத்தியாயம். முற்றுகை ஒருபுறம் நடக்க, அரசி பழையதை நினைத்துப் பார்க்கிறாள். திருவிழா நாளில், சபை நடுவே, ராஜா எழுந்து நின்று மல்லிகைச் சரத்தை அளக்கிறார். குறைகிறது என்கிறார். பூத்தொடுத்த பெண் அழுதுகொண்டே போகிறாள். அரசி கேட்கிறாள்: "அரசே, அளந்தது உங்கள் கை. தொடுத்தது என் தங்கையின் கை. இரண்டையும் ஒருநாளாவது பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?"

அலமாரியிலிருந்து டேப் எடுத்தேன். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை என் முழம் பத்தொன்பதரை அங்குலம். முப்பத்தேழரையால் பெருக்கி நாற்பதால் வகுத்தேன். பதினெட்டேகால். ஐந்தடிக்குக் குறைவான பெண்ணுக்கு அதுதான் முழம். அவள் ஒரு அங்குலமும் திருடவில்லை. வேலையில் இருந்த காலத்தில் முத்திரை போட்ட சங்கிலி இல்லாமல் ஒரு பாத்தியைக்கூட அளக்காதவன் நான். நூற்றிருபது பேர் முன்னால் முத்திரை இல்லாத கையை நீட்டியிருக்கிறேன்.

பதினேழு படியும் இறங்கினேன். அடுப்படியில் அவள் ஒரு கையால் புளி கரைத்தபடி, மறு கையில் கைபேசியை வாய்க்கு நேரே பிடித்திருந்தாள்.

"முழம் தப்பு" என்றேன்.

அவள் கைபேசியைப் பார்த்தாள். "இந்தா, அதையும் சேத்து எழுதிருச்சு" என்று அழித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "யாரு முழம்?"

"என் முழம்."

"அதக் கண்டுபிடிக்க ஒம்பது வருசமா?"

"ஒம்பது வருசம் ரெண்டு மாசம்."

"அதான பாத்தேன்."

"ராஜாவக் கொன்னுறாத" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. "நீ எழுதறத நான் படிக்கிறேன்."

"தெரியும். கொய்யாப்பழம் எந்தக் கப்பல்ல வந்துச்சுன்னு வேற யாரு கேப்பா?"

"தெரிஞ்சுகிட்டேவா ஐயா ஐயான்னு எழுதுன?"

"மொகம் தெரியாத ஆளுகிட்டதான் நீங்க மரியாதையா பேசுறீக. நானும் அப்பிடியே பேசிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு." புளித்தண்ணீரைக் குழம்பில் ஊற்றினாள். "முழம் தப்புன்னு எங்கிட்டச் சொல்லி என்ன? பேரு கெட்டவ நெலக்கோட்டைல பூக் கட்டிக்கிட்டு இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க. ராஜாவப் பத்தி அப்பறம் யோசிப்போம்."

"நீயும் வா."

"வாரேன். தனியா விட்டா அங்கயும் போயி கூடைய எண்ணிக்கிட்டு நிப்பீக."

வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தோம். நடுவில் அவளுடைய பை. சித்தி மகள் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மச்சான். கையக் கொண்டாந்திருக்கீகளா, வீட்டுல பத்திரமா வச்சுட்டு வந்துட்டீகளா?"

நான்கு வாக்கியம் தயார் செய்து வந்திருந்தேன். ஒன்றுதான் வந்தது. "உன் அளவு சரி, என் கைதான் நீளம்."

"அன்னைக்கு எத்தன பேரு முன்னாடி சொன்னீக?"

"நூத்திருவது."

அவள் சுற்றிப் பார்த்தாள். "இங்க அக்காவும் அந்த ஆடுந்தான் நிக்கிது. அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னத ஒரு ஆட்டுக்கு முன்னாடி திரும்ப எடுத்துக்கிட்டா செல்லுமா? உக்காருங்க. இந்தப் பந்து எங்கைக்கு எம்பது முழம். உங்க கையால அளந்து வித்துக் குடுங்க. வார ஆளு ஒவ்வொருத்தர்கிட்டயும் 'என் கைதான் நீளம், இவ அளவு சரி'ன்னு சொல்லணும். நூத்திருவது ஆனதும் எந்திரிக்கலாம்."

"யாரு எண்ணுறது?" என்றேன்.

"நான் எண்ணுறேன்" என்றாள் என் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் எண்ணி நான் பார்த்ததில்லை. அன்று பின்னால் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எண்ணினாள். ஒரு முழம், அரை முழம் என்று வாங்க வந்தவர்களிடம் நான் அளந்து கொடுத்து, அந்த வாக்கியத்தையும் சொன்னேன். முதல் பத்துப் பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதற்குள் விஷயம் பரவிவிட்டது. "நீளக் கைக்காரருகிட்ட வாங்குங்கடி" என்று கல்லூரிப் பெண்கள் வரிசை கட்டினார்கள். "ஏம்மா, தாத்தா நாளைக்கும் வருவாரா?" என்று ஒருத்தி கேட்டாள். தொண்ணூற்றுநாலாவது ஆளோடு பந்து தீர்ந்தது. எழுபத்தைந்து முழம்தான் தேறியிருந்தது.

"அஞ்சு முழம் கொறையுதே மச்சான்" என்றாள் சித்தி மகள். சத்தமாகத்தான் சொன்னாள். முழம் நாற்பது ரூபாய். எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை வாங்கிக்கொண்டாள்.

அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"இன்னும் இருவத்தாறு" என்றாள் என் மனைவி.

காபிக் கடையில் ஒன்பது பேரிடம் சொன்னேன். திரும்பி வரும் பேருந்தில் பதினாறு பேரிடம் சொன்னேன். நூற்றிருபதாவது ஆள் கண்டக்டர். "சரிங்கய்யா, செத்த உள்ள தள்ளி நில்லுங்க" என்றார்.

மாலை ஆறு மணிக்கு அத்தியாயம் வந்தது. மொத்த வாக்கு: கொல்லலாம் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு, வேண்டாம் நூற்றுப் பதினெட்டு. கீழ்வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து படித்தேன். ராஜா பிழைத்துவிட்டார். ஆனால் வடக்கு வாசலில் எதிரியின் வாள் பட்டு வலது கை முழங்கையோடு போய்விட்டது. அரசி ஓடி வந்து மடியில் போட்டுக்கொள்கிறாள். ஒன்பது ஆண்டு ஊடல் கண்ணீராய்க் கரைகிறது. காதல் மீண்டும் மலர்கிறது. ஒன்றே முக்கால் பக்கத்துக்கு மலர்கிறது.

"கைய ஏன் எடுத்த?" என்றேன்.

"ஆயிரத்துச் சொச்சம் பேரு ஓட்டுப் போட்டிருக்காக. அவுகளுக்கும் ஏதாச்சும் குடுக்கணும்ல."

அவள் ஒரு நோட்டையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினாள். "அடுத்த அத்தியாயத்துல முற்றுகை நீளுது. கோட்டைக்குள்ள மூவாயிரம் பேரு, முந்நூறு குதிரை, எட்டு யானை. எம்புட்டு நெல்லு இருந்தா தொண்ணூறு நாளு தாங்கும்? பாத்துச் சொல்லுங்க. தப்பா எழுதுனா எவனாவது கருத்துப் போடுவான்."

எட்டரை மணிவரை கணக்குப் போட்டேன். யானைக்குக் கவளம் தனியாகச் சேர்த்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் ஏன், எப்படி என்று கேட்டாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அப்படி அவள் கேட்டதில்லை; நானும் கேட்கும்படி சொன்னதில்லை. நடுவில் ஒருமுறை, "உங்க எழுத்து இன்னும் மணிமணியா இருக்கு" என்றாள். அதைக் கதையில் போடவில்லை.

அன்றைய செலவு: போக வர இரண்டு பேருக்கும் பேருந்து நூறு, அளவில் விட்டது இருநூறு, காபி முப்பது, கிளம்பும்போது சித்தி மகள் தன் கையால் அளந்து என் மனைவி தலையில் வைத்துவிட்ட ஒரு முழம் நாற்பது. ஆக மொத்தம் முந்நூற்று எழுபது ரூபாய்.