சைபருக்கு முன்னால் ஒரு கோடு

தோல் பதனிடும் டேனரியில் கம்ப்யூட்டர் பார்ப்பது என்பது, எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் ‘இவனுக்கு எதுக்குச் சம்பளம்’ என்றும், ஓடாத நாளில் ‘இவன் எங்கே போய்த் தொலைந்தான்’ என்றும் கேட்கப்படுகிற தொழில். எந்த ஊரில் இந்த வேலையில் இருந்தாலும் நீங்கள் இப்போது தலையாட்டியிருப்பீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் ஒரு பூஜ்யத்துக்கு, வெறும் சைபருக்கா இவ்வளவு கதை என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

கோடு வந்த நாள்

எங்கள் டேனரி ஆம்பூருக்குப் பக்கத்தில். பதப்படுத்திக் காய்ந்த தோலை மெஷினில் விட்டால் எத்தனை சதுர அடி என்று அளந்து சொல்லும். அதே தோலை பேக்கிங்கில் இன்னொரு மெஷின் மறுபடி அளக்கும். இரண்டு அளவுக்கும் நடுவே ஒரு தோலுக்குச் சராசரியாக எவ்வளவு வித்தியாசம் என்று திரையில் வரும். சாஃப்ட்வேர் சென்னைக்காரர்கள் எழுதியது. அதற்குக் காவல் நான்.

காலை ஷிஃப்டில் அளக்கிறவர் ஸ்டெல்லா அக்கா, குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். மழைக்காலம் முடிந்து வெயில் ஏற ஆரம்பித்த ஒரு நாள், அவர் அளந்த தோல் லாட்டுக்கு நேராகத் திரையில் ‘-0.0’ என்று நின்றது. எங்கள் கம்பெனியில் மைனஸ் என்றால் கழித்தல் குறி இல்லை. ‘மைனஸ் ஆயிடுச்சி’ என்று யாராவது சொன்னால், தோலில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தனபால் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அது சைபர்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு கேட்டார்:

“சைபர்னா மொட்டையா நிக்கணும். இதுக்கு இன்னாத்துக்குத் தம்பி முன்னால ஒரு கோடு?”

பச்சையில் ஒரு மைனஸ்

கேட்டாரே, பதில் சொல்ல வேண்டாமா? காலை ஈரக்காற்றில் தோல் ஒரு துளி நீண்டிருக்கும். மத்தியானம் பேக்கிங்கில் அளக்கும்போது வெயிலுக்குத் துளி சுருங்கியிருக்கும். அந்தத் துளி திரையில் காட்ட முடியாத அளவுக்குச் சின்னது. தசமத்தை ரவுண்டு பண்ணி சைபர் ஆக்கும்போது எண் தேய்ந்து போகிறது, குறி மட்டும் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் எண்ணை ஓரிடத்திலும் குறியை வேறிடத்திலும் வைத்திருப்பதால் வருகிற வினை இது. சாயங்கால ஷிஃப்டு தோல் மறுநாள் பனியில்தான் பேக்கிங்குக்குப் போகும். அது கூடுதல் பக்கமிருந்து சைபருக்கு வருவதால் அதற்குக் கோடு விழாது. காலையில் யார் நின்றாலும் விழும்.

இன்னொன்றும் காட்டினேன். சைபரைவிடக் கம்மியாக இருந்தால் அந்த வரியைச் சிவப்பாக்கச் சொல்லியிருக்கிறது. ஸ்டெல்லா அக்காவின் வரியெல்லாம் பச்சை. ஏனென்றால் மைனஸ் சைபர் சைபரைவிடக் கம்மி இல்லை, இரண்டும் சமம் என்றுதான் கம்ப்யூட்டரே சொல்கிறது. மேஸ்திரி நிறத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், போய்விட்டார். அதுவரை தோலை இழுத்து நீவிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா என்னிடம், சமம்தான் என்றால் கோட்டை எதற்கு வைத்திருக்கிறது என்று கேட்டார். எந்தப் பக்கத்திலிருந்து வந்து சைபர் ஆனது என்று தெரிய வேண்டுமாம் அக்கா, பெரிய கணக்குகளுக்கு அது தேவையாம் என்றேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

“நாம எங்க வந்து நின்னாலும் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தேன்னுதான் கேப்பாங்க. மிஷினும் கத்துக்கிச்சா?”

படுத்துக்கொண்ட எட்டு

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. எத்தனை தோலுக்கு ஒரு சதுர அடி வீணாகிறது என்று இன்னொரு கட்டம் வேண்டும் என்றார். ஒன்றை, திரையில் காட்டுகிற அந்த வித்தியாசத்தால் வகுத்தால் வந்துவிடும் என்று சென்னைக்காரர்கள் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். சைபரால் வகுத்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியே படித்திருப்போம். கம்ப்யூட்டருக்கு அந்தப் பயமே இல்லை, முடிவிலி என்று ‘∞’ போட்டுவிடும். மைனஸ் சைபரால் வகுத்தால் மைனஸ் முடிவிலி. சமம் என்று சொன்ன அதே இரண்டு சைபரும் இந்த இடத்தில் ஒன்று வானத்துக்கும் ஒன்று பாதாளத்துக்கும் போகும்.

பிரின்ட் எடுத்த தாளில் ஸ்டெல்லா அக்காவின் பெயருக்கு நேராக வரிசையாக ‘-∞’. முடிவில்லாத இழப்பு என்று மேஸ்திரி படித்துவிடப் போகிறாரே என்று ஓடினேன். அவர் அப்படிப் படிக்கவில்லை. அதைவிடச் சுலபமாகப் படித்துவிட்டார். தாளைத் திருப்பி என் முகத்துக்கு நேராகப் பிடித்துச் சொன்னார்:

“பிரின்டர்ல எட்டு சாஞ்சி வருது பாரு. தெனைக்கும் மைனஸ் எட்டு அடி. இதையும் சைபர்னு சொல்வியா?”

கேட்டில் விரிந்த குடை

மறுநாளிலிருந்து ஷிஃப்டு முடிந்து போகும்போது ஸ்டெல்லா அக்காவின் பையை மட்டும் கேட்டில் பிரித்துப் பார்த்தார்கள். மற்ற பெண்கள் அந்தப் பக்கமாக நடந்து போனார்கள். வாட்ச்மேன் மேசையில் சோற்று டப்பா, சீப்பு, மாத்திரைப் பட்டை, ஒரு மடக்குக் குடை எல்லாம் வரிசையாகக் கிடந்தன. நான் மேனேஜரிடம் போனேன், சென்னைக்கு மெயில் போட்டேன், போனும் பண்ணினேன். அடுத்த அப்டேட்டில் பார்க்கிறோம் என்றார்கள். நம் ஆட்கள் எல்லா ஊரிலும் சொல்கிற அதே பதில். தாளிலிருந்த கோட்டை நானே அழிக்கலாம் என்றால், அப்புறம் நானும் கூட்டு என்பார்கள்.

ஸ்டெல்லா அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆட்களுக்கு முன்னால் ‘இவ எடுக்கல’ என்று மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லும்வரை வேலைக்கு வருவேன் என்றார். வந்தார். பையைப் பிரித்தார்கள். மேஸ்திரி சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் கை வைப்பதற்கு முன்னால் அவரே பையைக் கவிழ்த்தார். குடையை எடுத்து, அந்த வெயிலில் விரித்து, வாட்ச்மேன் தலைக்கு மேலே பிடித்தார். அன்றைக்குப் பிறகு ஸ்டெல்லா அக்கா வேலைக்கு வரவில்லை. கேட்டில் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“உள்ள பாத்துக்கோண்ணா. எட்டு அடி தோலு, இதுக்குள்ளதான் மடிச்சி வெச்சிருப்பேன்.”

ஆளை மாற்றியதும்

அப்டேட் அதற்கு அடுத்த வாரம் வந்தது. மருந்து ஒரே வரி. மைனஸ் சைபரோடு ஒரு சைபரைக் கூட்டினால் கோடு உதிர்ந்துவிடும், அவ்வளவுதான். வகுக்கிற கட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். திரையில் எல்லாம் மொட்டை சைபர். அதற்குள் காலை ஷிஃப்டுக்கு வேறொரு பெண் வந்திருந்தாள். அதே மெஷின், அதே ஈரக்காற்று, அதே துளி. மேஸ்திரி எல்லோரையும் திரைக்கு முன்னால் கூப்பிட்டு அந்தப் பெண்ணைப் பாராட்டினார். நான் குறுக்கே புகுந்து, சரியானது சாஃப்ட்வேர், ஆள் இல்லை என்றேன். என் குரல் எப்போதும் கொஞ்சம் கம்மி. மெஷின் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை என்று நினைத்தேன். விழுந்திருக்கிறது.

“நீ கம்ப்யூட்டரைச் சரிபண்ணு தம்பி. ஆளுங்கள நான் சரிபண்ணிட்டேன்.”

ஒன்றுமே நடக்காதது

ஸ்டெல்லா அக்கா ஒரு ஷூ கம்பெனியில் பசை போட்டு ஒட்டுகிற வேலைக்கு விசாரித்திருக்கிறார். எதற்காக அங்கிருந்து வந்தாய் என்று கேட்டு, எங்கள் டேனரிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். இங்கிருந்து யாரோ ‘மைனஸ் கேஸ்’ என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். பழைய கணக்கையெல்லாம் புது சாஃப்ட்வேரில் மறுபடி ஓட்டி, ஒவ்வொரு லாட்டும் சைபர் என்று காட்டினேன். நீங்கள் ஒரு போன் பண்ணி, அந்தம்மா மேல் தப்பில்லை, வருத்தப்படுகிறோம் என்று சொன்னால் போதும் சார் என்றேன். அவர் கடைசி வரிவரைக்கும் பொறுமையாகப் பார்த்தார். நல்ல வேலை என்று என்னைப் பாராட்டவும் செய்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

“எல்லாம் சைபர்னு நீயே சொல்ற. ஒண்ணுமே நடக்காததுக்கு நான் எதுக்குப்பா வருத்தப்படணும்?”

தப்பைச் சரிபண்ணிக் கொடுத்தால், தப்பே நடக்கவில்லை என்பதற்கு நம்மையே சாட்சியாக்கிவிடுகிற தொழில் இது.