வாசலில் கழற்றிய சப்பாத்து

என் வலது கால் பெருவிரலின் அடியில் தீபாவளிக்கு முன்னால் வந்த புண், தைப்பூசம் முடிந்தும் கிளம்பவில்லை. வாடகைகூடக் கொடுக்காமல் குடியிருந்தது. எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. இனியும் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார் டாக்டர். அவர் ஒரு மலாய்க்காரப் பெண், என் பேத்தி வயது. அதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம் என்றார்.

தமிழ் நர்சு விளக்கினாள். "உங்க ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தி, கட்டியாக்கி புண்ணுல வைப்போம் பாட்டி."

"என்னோடதேவா? இளசா வேற ரத்தம் கிடைக்காதா? இது இத்தன வருஷமா என் வாயக் கேட்டே கெட்டுப் போயிருக்கும்லா."

"சும்மா இருங்க பாட்டி. சிரிச்சா நரம்பு ஓடி ஒளியுது."

மெஷினிலிருந்து வந்த என் ரத்தம், சிவப்பெல்லாம் பிரிந்துபோய், நான் செய்யும் அகர் அகர் ஜெல்லி போல மஞ்சளாகத் தளதளவென்று இருந்தது. அதைப் புண்ணில் வைத்துக் கட்டி, தடித்த அடி வைத்த சப்பாத்து ஒன்றும் கொடுத்தார்கள். "இது இல்லாம ஒரு அடி வைக்கக்கூடாது. பாரம் விழுந்தா வச்சதெல்லாம் நசுங்கிரும்."

அடுத்த வாரம் கட்டைப் பிரித்த டாக்டரின் முகம் சுருங்கியது. புண் இன்னும் பெரிதாகியிருந்தது.

"சப்பாத்து போட்டீங்களா பாட்டி?" என்றாள் நர்சு.

"போட்டேனே. மார்க்கெட்டு, கோயில் வாசல் வரைக்கும், எல்லாத்துக்கும்."

அவள் குனிந்து பார்த்தாள். "இப்ப எங்க அது?"

"வெளிய கழட்டி வச்சிருக்கேன். டாக்டரு ரூம்புக்குள்ள சப்பாத்தோட வர்றதா?"

"அப்ப வீட்டுல?"

"சாமி இருக்கற வீடும்மா. வாசல்லயே கழட்டிருவேன்."

நாள் முழுக்க வீட்டுக்குள் நடப்பவள் நான். நர்சு மலாயில் சொன்னதும் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டிலும் சப்பாத்து வாசலைத் தாண்டாது என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்தத் தடவையும் நசுங்கினால் விரல் போய்விடும் என்றார். நான் கையை நீட்டினேன். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள்.

வீட்டில் என் மருமகள் சப்பாத்தின் அடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். முன்னால் ஒரு பொட்டும் வைத்தாள்.

"இனிமே இது சப்பாத்து இல்ல அத்தை, உங்க காலு. வெளிய போனா அழுக்காயிரும், அதனால வீட்டோட இருங்க."

பக்கத்து வீட்டுக் கதைகளை நான் கேட்கப் போகாதிருக்க அவள் கண்டுபிடித்த வழி அது. இருந்தாலும் விரலுக்காகப் பொறுத்துக்கொண்டேன். சாமி அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் விளக்கேற்றுவதில் குறை சொல்லிப் பொழுதைப் போக்கினேன்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் காரில் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்து வைக்க வைக்க, புண் ஓரத்திலிருந்து சுருங்கியது. கடைசியில் டாக்டர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். புதுத் தோல் மூடியிருந்தது. வெட்ட வேண்டாம் என்றார்.

அன்று சாயங்காலம் மருமகளிடம் அந்தக் கால் பெருவிரலுக்குச் சிவப்பு நகச்சாயம் பூசிவிடச் சொன்னேன்.

"ஒத்த விரலுக்கு மட்டுமா அத்தை?"

"மத்ததெல்லாம் என்ன கஷ்டப்பட்டுச்சு?"