கைக்குட்டையில் முடிந்த அரிசி

அப்பாவின் வேட்டைக் கூட்டாளியை நாங்கள் வேட்டை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த கியூபெக்காரர். அப்பாவுக்கு அவர் அண்ணை. பதினைந்து வருடமாக இலையுதிர்காலம் வந்தால் இருவரும் துவக்குகளோடு வடக்கே காட்டுக்குப் போய்விடுவார்கள். அப்பாவின் பிரெஞ்சு இருபது சொல் தேறாது. மாமாவின் தமிழ் அதைவிட மோசம். மான் வரும்வரை வாய் திறக்கக் கூடாத வேலை என்பதால் அதுவே போதுமாக இருந்தது. அம்மா வைக்கும் மான் கறியை மாமா மூக்கு ஒழுக ஒழுக மூன்றாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த வருடம் வேட்டைக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கையில், விறகு கொத்திக்கொண்டு நின்ற மாமா அப்படியே விழுந்து இறந்துபோனார். தொலைபேசியை எடுத்தது நான்தான். எங்கள் வீட்டில் பிரெஞ்சு முழுவதும் என் பொறுப்பு. செய்தியைச் சொன்னதும் அப்பா கட்டி வைத்திருந்த வேட்டைப் பையை அவிழ்த்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடியும் உள்ளே அடுக்கினார்.

நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு வேலை, நானும் அப்பாவும் போனோம். அங்கே ஒருவரும் குழறி அழவில்லை. கோப்பி குடித்தபடி மெல்லக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். மாமாவின் பேத்தி என் வகுப்புக்காரி. அவள் என்னைத் தன் பக்கத்தில் இருக்கவிட்டே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாமாவின் மனைவியோடு அவளும் பெட்டியருகே நின்றாள்.

அப்பா பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே பச்சை அரிசி. பேத்தி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

"வாய்க்கரிசி போடலாமோ எண்டு மாமியிட்டைக் கேள் பிள்ளை. என்ர அப்பருக்குத்தான் போடக் கிடைக்கேல்லை" என்றார்.

அப்பப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது அப்பா இங்கே அகதி விண்ணப்பத்தோடு காத்திருந்தவர். எனக்கும் அது தெரியும். ஆனால் செத்தவரின் வாயில் அரிசி போடுவதைப் பற்றி நான் எப்படிக் கேட்டாலும் பேத்தியின் காதில் விழும், திங்கட்கிழமை வகுப்பே சிரிக்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அப்பா மிகவும் கவலைப்படுகிறார் என்று மட்டும் மாமியிடம் சொன்னேன். மாமி கண் கலங்கி, ஆமென்று தலையாட்டி, அப்பாவின் தோளைத் தொட்டார்.

"ஏலாதாம் அப்பா" என்றேன். எழுதும்போது இன்றைக்கும் கூசுகிறது.

அப்பா மாமியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரி, அவையின்ர முறை" என்று சொல்லி முடிச்சை இறுக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வரும்வரை அந்தக் கையை அவர் விரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். காட்டில் இருவரும் தேநீர் குடித்த சுடுதண்ணிப் போத்தலை அப்பாவிடம் கொடுத்தார். பெட்டிக்குள் பேரப்பிள்ளைகள் சீட்டுக்கட்டும் மாமாவின் தொப்பியும் வைத்தார்களாம். அப்பாவும் எதையோ வைக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று மாமி கடைசிவரை பார்த்துக்கொண்டே நின்றாராம். சொல்லும்போதே அப்பாவின் கையைக் காட்டி, தன் கையைப் பொத்தி விரித்தார்.

"வந்ததுக்கு நன்றி சொல்லுறா" என்று நான் மொழிபெயர்த்தேன்.

அப்பா மாமியின் விரித்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து உள்ளே போய் அந்த முடிச்சைக் கொண்டுவந்து அதில் வைத்தார். அரிசி என்பதற்குத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல்லைத் தானே சொன்னார். மாமி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

அப்பா என்னை ஏசவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல் வைத்தியரிடமும் பள்ளிக்கூடக் கூட்டத்திலும் அந்த இருபது சொல்லோடு தானே தட்டுத்தடுமாறிக் கதைத்தார். நான் பக்கத்திலேயே நின்றாலும் என்னிடம் கேட்கவில்லை. அடி விழாமல் தப்பிவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.